பின்னறைச் சாவியும் ஒரு சென்டர் ஸ்பீக்கரும்

போன வாரம் மாமியார் பின்னறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போனாரே, அதற்கப்புறம் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வந்திருக்காது என்று நீங்கள் நினைத்திருந்தால், அந்த வீட்டை உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. எல்லோரும் நன்றாகவே தூங்கினார்கள். மருமகள் மட்டும் கொஞ்சம் புரண்டு படுத்தாள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வரி. சரி, சில வரிகள்.

மாமியார் டெய்லர். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் டெய்லரம்மா. ஹாலின் மூலையில், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தபடி, டி.வி.க்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவருடைய தையல் மெஷின். தைக்கும்போது வாயில் குண்டூசி. பேசும்போதும் வாயில் குண்டூசி. அதனால் அவர் சொல்வதெல்லாம் பல்லிடுக்கில் நசுங்கித்தான் வெளியே வரும். வீட்டில் மற்றவர்கள் வார்த்தையை விட்டுவிட்டு, தொனியை மட்டும் பிடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்.

மருமகள் டப்பிங் பேசுகிறவள். கணவன் கப்பலில் இருக்கிறான். கரைக்கு வர இன்னும் மாதங்கள் ஆகும். அவன் சம்மதத்தோடுதான் ஆபீஸ் வேலையை விட்டாள். திரையில் யாரோ வாயசைக்க, இவள் குரல் கொடுக்கிறாள். "பேசறதுக்கெல்லாமா சம்பளம் குடுப்பாங்க?" என்று மாமியார் கேட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சு அளவோடுதான்.

ஸ்டூடியோவில் ஒரு நீளமான தொடர் ஆரம்பிக்கிறார்கள். கதாநாயகி குரல் இவளுக்கே என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் வீட்டிலிருந்தே பேசி அனுப்ப வேண்டும், அதற்கு அமைதியான அறை வேண்டும், உண்டா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்ல வேண்டும். படுக்கையறையில் உட்கார்ந்து இவள் பேசி அனுப்பிய மாதிரியை ஒலிப்பதிவாளர் திருப்பி அனுப்பிவிட்டார். "உங்க வீட்டுக்குப் பின்னாடி ரயில் போகுதா மேடம்?" என்று நக்கல் வேறு. அந்தப் பக்கம் தண்டவாளமே கிடையாது.

மிச்சமிருப்பது பின்னறை. துணி மூட்டைகளும் கை உடைந்த ஒரு கடைப் பொம்மையும் குடியிருக்கும் அறை. சாவி எங்கே என்பது உங்களுக்குத் தெரியும்.

"ஞாயித்துக்கிழமை உன் படம் டி.வி.ல வருதில்ல? கேக்கறேன். அது வேலைதான்னு எனக்குப் பட்டா சாவி உனக்கு. படலேன்னா மறுபடி கேக்காதே" என்று போன வாரம் சொன்னார் மாமியார். சொன்னபோது வாயில் குண்டூசி இல்லை. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

இன்றைக்கு அந்த ஞாயிறு.

*

பிரச்சினை டி.வி.யில் ஆரம்பித்தது. அப்பளம் மாதிரி மெல்லிசான டி.வி.; சுவரோடு ஒட்டி மாட்டியது. அதன் ஸ்பீக்கர் பின்பக்கம் இருப்பதால் சுவரோடுதான் பேசும். பாட்டு கேட்கும், வெடிச் சத்தம் கேட்கும். மனிதர்கள் பேசுவது மட்டும் பக்கத்து வீட்டில் யாரோ முணுமுணுக்கிற மாதிரி இருக்கும்.

"காதுல விழுந்தாத்தானே தீர்ப்பு சொல்ல முடியும்?" என்றார் மாமனார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர். அவர் ஒரு வாக்கியம் முழுசாகச் சொன்னால் வீடே திரும்பிப் பார்க்கும். "நல்லதா ஒரு செட் வாங்கிடுவோம். என் கணக்கு."

மாமியார் தடுக்கவில்லை. மூன்று நிபந்தனைகள் மட்டும் போட்டார். டி.வி. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு விரல்கூட நகர்த்தக் கூடாது. ஒயர் ஒன்றுகூட அவர் கண்ணில் படக் கூடாது. அலமாரிக் கதவு சாத்த வேண்டும்.

ஆகவே மாமனார் மனைவியின் டேப்பை எடுத்து அலமாரியின் தட்டுகளைச் சட்டைக்கு அளவெடுப்பது போல நிதானமாக அளந்துகொண்டார். காலையிலேயே அவரும் மருமகளும் இன்னொருவருமாக மூன்று பேர் கடைக்குப் போனார்கள். மூன்றாவது ஆள் கொழுந்தன். கார்களுக்கு ஹாரன் மாட்டுகிற கடை வைத்திருக்கிறான். வீட்டில் அவனுக்குப் பெயர் டமாரம். ஏன் என்று தனியாக விளக்க வேண்டுமா?

"அப்பா, இதப் பாருங்கப்பா! ஆளுயரம்!" கடைக்குள் நுழைந்ததும் டமாரம் இரண்டு உயரமான பெட்டிகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டான். "இது ரெண்டையும் வச்சோம்னா, தெருமுனைல இருக்கறவன் எழுந்து நிப்பான்!"

"அவன் எதுக்குடா நிக்கணும்?" என்றார் மாமனார். ஆனாலும் அந்தப் பெட்டியின் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுத்தார்.

"பெரிய பெட்டின்னா சாயங்காலமே எங்க வண்டில வீட்டுக்கே அனுப்பிடுவோம் சார்" என்றார் கடைக்காரர். கழுத்தில் டை கட்டியிருந்தார். "உள்ள வாங்க, கேட்டுப் பாருங்க."

உள்ளே ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் கம்பளம். கதவைச் சாத்தியதும் அவரவர் மூச்சு அவரவருக்கே கேட்டது. கடைக்காரர் ஒரு கார் துரத்தலைப் போட்டார். கண்ணாடிகள் உடைந்தன, டயர்கள் கதறின, ஒரு பாலம் இடிந்து விழுந்தது. டமாரம் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தான்.

"அண்ணி, நெஞ்சுல குத்துதா?"

"குத்துது தம்பி. அதுல யாராவது ஏதாவது பேசினாங்களா?"

"பேசினாங்களா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

மருமகள் எழுந்தாள். "சார், ரெண்டு பேர் உக்காந்து பேசற மாதிரி ஒரு காட்சி போடுங்க. சண்டை வேணாம், பாட்டு வேணாம். சத்தத்தைக் குறைங்க. இன்னும் குறைங்க. இன்னும்."

"இவ்வளவு குறைச்சா ஸ்பீக்கரோட திறமையே தெரியாது மேடம்."

"இவ்வளவு குறைச்சாத்தான் தெரியும்."

சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். கடைக்காரர் மாமனாரைப் பார்த்தார். மாமனார், "அவ சொல்றதைச் செய்யுங்க" என்றார்.

ஹோம் தியேட்டரில் பேச்சு முக்கால்வாசி எங்கிருந்து வருகிறது தெரியுமா? டி.வி.க்கு அடியில் படுத்திருக்கும் சென்டர் ஸ்பீக்கரிலிருந்து. இரண்டு ஓரத்திலும் நிற்பவை பாட்டையும் காற்றையும் பார்த்துக்கொள்ளும். பின்னால் இருப்பவை மழையையும் கூட்டத்தையும். நடுவில் இருப்பதுதான் பேசும். மருமகளின் விதி அந்த நடுப்பெட்டியில் இருந்தது.

முதல் பெட்டி பேசியது. "குடத்துக்குள்ள இருந்து பேசறாங்க. வேணாம்."

இரண்டாவது பேசியது. இனிமையாக இருந்தது. ஆனால் எல்லோருக்கும் லேசாகத் தொண்டை கட்டியிருந்தது. "அழகா இருக்கு. ஆனா ஒரு வார்த்தை முடிஞ்சு இன்னொண்ணு எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலை."

மூன்றாவது, இருப்பதிலேயே சின்னது. அது பேசியதும் மருமகள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்தக் காட்சியில் ஒரு பெண் பெருமூச்சு விடுவதற்கு முன்னால் உதட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. எச்சில் விழுங்கியது கேட்டது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இத்தனை வாரமாக அவள் அதை வீட்டிலும் சொல்லவில்லை, நம்மிடமும் சொல்லவில்லை.

இன்று வரப்போகிற படத்தில் அவள் கதாநாயகிக்கு மட்டும் பேசவில்லை. அதில் ஒரு வீட்டுக்கார அம்மா வருவார். ரொம்பக் கறார் பேர்வழி. அவருக்குப் பேச வேண்டியவர் அன்றைக்கு ஸ்டூடியோவுக்கு வரவில்லை. "யாராவது ஒரு கண்டிப்பான அம்மா குரல் குடுங்களேன், ரெண்டு நிமிஷ வேலைதான்" என்று டைரக்டர் கெஞ்சினார். மருமகளுக்குத் தெரிந்த கண்டிப்பான அம்மா ஒருவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, வாயோரத்தில் வார்த்தையை நசுக்கி, அச்சு அசலாகப் பேசிவிட்டு வந்தாள். ஸ்டூடியோவே கை தட்டியது.

வீட்டு டி.வி.யில் அது யாருக்கும் புரிந்திருக்காது. இந்தச் சின்னப் பெட்டியில் ஒவ்வொரு குண்டூசியும் கேட்கும்.

தொண்டை கட்டின இரண்டாவது பெட்டியை வாங்கினால் அவள் தப்பிக்கலாம். கதாநாயகி குரல் சுமாராகத் தேறும். வீட்டுக்கார அம்மா தெளிவில்லாமல் போய்விடுவார். மருமகள் இதை யோசித்தாளா என்றால், யோசித்தாள். கொஞ்ச நேரம் நன்றாகவே யோசித்தாள்.

"மூணாவது" என்றாள். "என் வேலையை அத்தை கேக்கணும்னா முழுசா கேக்கட்டும். மங்கலான பெட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு ஜெயிக்கறது எனக்கு வேணாம்."

டமாரத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "அண்ணி, இதுக்குப் போய் எதுக்கு இவ்வளவு வசனம்?"

மற்ற நான்கும் அதே குடும்பத்துச் சின்னப் பெட்டிகளாக எடுத்தாள். கடைக்காரர் காட்டிய முதல் ஜோடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பின்பக்கம் ஓட்டை இருக்கு சார். சுவரோட ஒட்டி வச்சா மூச்சு முட்டி முழங்கும். முன்பக்கம் ஓட்டை இருக்கறதைக் குடுங்க. எங்க வீட்டுல அலமாரி நகராது" என்றாள். அதிர்வுக்கென்று சப்-ஊஃபரும் சின்னதாக ஒன்று, டமாரத்தின் முகத்துக்காக.

அடுத்தது ரிசீவர். டி.வி.யிலிருந்து வரும் சத்தத்தை வாங்கி, எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு என்று பங்கு போடுகிற பெட்டி அதுதான். கரண்டி அதன் கையில். கடைக்காரர் ஒன்பது ஸ்பீக்கர் இழுக்கும் ஒரு குண்டு ரிசீவரைத் தூக்கி வைத்தார்.

"எதிர்காலத்துல விஸ்தரிக்கலாம் மேடம்."

"சார், ஹாலை விஸ்தரிக்க முடியாதே" என்றாள் மருமகள். மாமனார் டேப்பை நீட்டி அளந்து, தலையை ஆட்டினார். அந்தக் குண்டு ரிசீவர் உள்ளே போனால் மேலே சூடு வெளியேற இடம் இருக்காது, கதவும் சாத்தாது. கதவு சாத்தவில்லை என்றால் என்ன நடக்கும் என்று அவருக்குத்தான் தெரியும். ஐந்து ஸ்பீக்கருக்குப் போதுமான, ஒல்லியான ஒன்றை எடுத்தார்கள். மைக் வைத்து, அறைக்குத் தகுந்த மாதிரி தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் வகை.

எல்லாம் டமாரத்தின் வண்டியில் ஏறியது. கிளம்பும் நேரத்தில் மாமனார், "கண்ணாடியை உள்ளயே விட்டுட்டேன்" என்று திரும்பக் கடைக்குள் போனார். வருவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

*

மத்தியானத்துக்குள் ஐந்து ஸ்பீக்கரும் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. ஒயரெல்லாம் கதவு நிலையோரமாக ஓடி மறைந்தது; லிஃப்டுக்கே ஒயர் இழுத்தவருக்கு இது எம்மாத்திரம். ரிசீவர் அலமாரிக்குள் போனது. கதவு சாத்தியது.

டமாரம் அந்தக் குட்டி மைக்கைக் கொண்டுபோய் சோபாவின் நடுவில் வைத்தான். "இது ராஜா சீட்டு. இங்க உக்காந்து கேட்டாத்தான் கேட்ட மாதிரி."

மருமகள் அதை எடுத்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, மாமியாரின் மெஷினுக்குப் பக்கத்தில் அவர் காதின் உயரத்துக்கு வைத்தாள்.

"அண்ணி! அந்த மூலையிலயா?"

"இன்னைக்கு யார் கேக்கணுமோ அவங்க உக்கார்ற இடத்துலதான் தம்பி."

மாமியார் தைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். பள்ளிச் சீருடைகள், மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். "இது என்ன பூச்சி?" என்றார், ஊசிகளுக்கு நடுவிலிருந்து.

"மைக் அத்தை."

"பேசணுமா?"

"வேணாம் அத்தை. அது கேட்டுக்கும்."

"நல்லது. இந்த வீட்டுல ஒண்ணாவது கேக்கட்டும்."

மருமகள் பொத்தானை அழுத்தினாள். ஒவ்வொரு ஸ்பீக்கரும் 'வூய்ப்' என்று விசில் அடித்தது. மைக் அதைக் கேட்டது. டி.வி. திரையில் எழுத்து வந்தது: அறையில் சத்தம் அதிகம், மறுபடி முயலவும்.

மின்விசிறியை நிறுத்தினார்கள். மறுபடி 'வூய்ப்'. சத்தம் அதிகம்.

ஃபிரிட்ஜை நிறுத்தினார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள். மாமனார் படுக்கையறைக்குப் போய்ச் சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார். டமாரம் ஜன்னல் இடுக்கு வழியாகத் தெருநாய் ஒன்றைப் பார்த்து, "ச்சூ, வாயை மூடு" என்று அதட்டினான். அது குரைக்கவே இல்லை, பாவம். மூன்று பேரும் அவரவர் இருந்த இடத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சத்தம் அதிகம்.

"பெட்டி டுபாக்கூர்!" என்றான் டமாரம். "அப்பவே சொன்னேன், பெரிசா வாங்கியிருக்கணும்னு. அண்ணி, திருப்பிக் குடுத்துடலாம். கடை இன்னும் திறந்துதான் இருக்கும்."

"என்ன, ரிப்பேரா?" என்றார் மாமியார். கேட்டபடியே ஒரு நீளமான தையலை ஓட்டினார்.

மருமகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு சின்னக் கோடு குதித்துக்கொண்டிருந்தது. சீராகக் குதித்தது. கொஞ்சம் நின்றது. மறுபடி ஓட ஆரம்பித்தது. மாமியார் துணியைத் திருப்பினார், கோடு படுத்தது. மாமியார் மிதித்தார்; கோடு எழுந்தது.

ரயில்!

ஐயோ, ரயில்! தடதடவென்று ஓடும் ரயில் வீட்டுக்குப் பின்னால் இல்லை, வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. மைக்கைக் கொண்டுபோய் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, நாயை அதட்டுகிறார்கள்!

பிறந்ததிலிருந்து டமாரத்துக்கு அந்தச் சத்தம்தான் தாலாட்டு. மாமனாருக்கு அது சத்தமே இல்லை. இவளோ நேற்று வந்தவள், மூச்சுச் சத்தத்தை எண்ணிச் சொல்கிற காது உள்ளவள். அவளுக்கும் கேட்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் பகலில் படுத்தால் தூக்கம் வராமல் தலையணையால் காதை மூடிக்கொண்டது ஞாபகம் வந்தது. எப்போது கேட்காமல் போயிற்று? சிரிப்பு வந்தது. இந்த வீட்டுக் காது தனக்கும் வந்துவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

"அத்தை," என்றாள், "மெஷினை ஒரு நிமிஷம் நிறுத்தறீங்களா?"

டமாரம் வாயைப் பொத்திக்கொண்டான். அந்த வீட்டில் இதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மிதியிலிருந்து காலை எடுத்தார்.

அப்பப்பா, என்ன ஒரு அமைதி! சமையலறையில் குழாய் சொட்டுவது கேட்டது. மாடியில் யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பது கேட்டது. படுக்கையறையிலிருந்து மாமனார் கையில் பேட்டரியோடு ஓடி வந்தார். "என்ன ஆச்சு? அவளுக்கு உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல மாமா. அத்தை தைக்கலை, அவ்வளவுதான்."

'வூய்ப்', 'வூய்ப்' என்று ஐந்து ஸ்பீக்கரும் வரிசையாக விசில் அடித்தன. திரையில் 'முடிந்தது' என்று வந்தது. மாமியார் கொஞ்ச நேரம் அந்த அமைதியையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடி மிதித்தார்.

*

சாயங்காலம் படம் ஆரம்பித்தது.

மாமனாரும் டமாரமும் சோபாவில். மருமகள் சமையலறை வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு. மாமியார் வழக்கம் போல முதுகைக் காட்டிக்கொண்டு, சீருடைக் குவியலுக்கு நடுவில்.

கதாநாயகி பேசினாள். அடேயப்பா! மனுஷி ஹாலுக்குள்ளேயே நின்று பேசுவது போல இருந்தது. மெஷின் சத்தத்தையும் தாண்டி ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக, சத்தம் கூட்டாமலே, மூலைக்குப் போய்ச் சேர்ந்தது. "அண்ணி, இது நீங்களா?" என்று டமாரம் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் முதல் தடவையாக மரியாதை தெரிந்தது.

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

கதாநாயகி காதலித்தாள். மெஷின் ஓடியது. அப்பாவோடு சண்டை போட்டாள். மெஷின் ஓடியது. மழையில் நின்று ஓவென்று அழுதாள். மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த அழுகைக்காக மருமகள் ஒரு பகல் முழுக்கத் தொண்டையைக் கிழித்துக்கொண்டவள். மெஷின் ஒரு தையலைக்கூட விடவில்லை.

போச்சு, என்று நினைத்துக்கொண்டாள். இதுக்கே நிக்காத கால் இனி எதுக்கு நிக்கும்?

அப்போது படத்தில் வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்தார்.

"பொழுது போகலைன்னா போய் மாடிப்படியைப் பெருக்கு! இங்க நின்னு பொலம்பாதே!"

மெஷின் நின்றது.

டமாரம் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் விழுங்கி, புரையேறி இருமினான். மாமனார் அசையாமல் உட்கார்ந்திருந்தார். படத்தில் அந்த அம்மா இன்னும் நாலு வார்த்தை திட்டினார். ஒவ்வொன்றும் பல்லிடுக்கில் நசுங்கி, சுத்தமாகக் கேட்டது. அந்தச் சின்னப் பெட்டி ஒன்றையும் மறைக்கவில்லை.

மாமியார் வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தினார். திரும்பினார்.

"இந்தப் பொம்பளைக்கு யார் பேசினது?"

மருமகள் நிலையிலிருந்து கையை எடுத்தாள். "நான்தான் அத்தை."

"யாரை மாதிரி?"

"உங்களை மாதிரி."

"என்னைக் கேட்டியா?"

"கேக்கலை."

"ஏன்?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க. எனக்கு அன்னைக்கு நல்ல குரல் ஒண்ணு வேணும். எனக்குத் தெரிஞ்சதுலயே நல்லது அதுதான்."

டமாரம் அண்ணியைப் பார்த்துக் கண்ணாலேயே 'ஓடிடுங்க' என்றான். அவள் ஓடவில்லை.

"திரும்பப் போடு" என்றார் மாமியார்.

டமாரம் செட்-டாப் பாக்ஸில் பதிவாகிக்கொண்டிருந்ததைப் பின்னுக்கு இழுத்துப் போட்டான். வீட்டுக்கார அம்மா மறுபடி கதவைத் திறந்தார், மறுபடி திட்டினார். மாமியார் தலையைச் சாய்த்து, தைத்த காலரைத் திருப்பிப் பார்க்கிற அதே கண்ணோடு கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். அதையும் கேட்டார்.

"தப்பு" என்றார்.

"என்ன அத்தை?"

"பல்லைக் கடிச்சது சரி. வாயோரமா இழுத்தது சரி. மூச்சை மூக்கால விட்டே பாரு, அதுவும் சரி. ஆனா குண்டூசி வாயில இருந்தா உதடு ஒட்டாது. 'பொழுது', 'பெருக்கு'ன்னு நீ பளிச்சுனு உதட்டை ஒட்டிப் பேசறே. ஊசி குத்திடும்டி." ஒரு குண்டூசியை எடுத்து நீட்டினார். "அடுத்த தடவை இதை வாயில வச்சுக்கிட்டே பேசிப் பழகு."

அடுத்த தடவை. மருமகளின் காதில் அந்த இரண்டு வார்த்தை மட்டும் விழுந்தது.

"அப்போ... அத்தை..."

"கதாநாயகி அழுதா. நல்லாத்தான் அழுதா. ஊர்ல அழறவ யாரு இல்ல?" மாமியாரின் குரல் கொஞ்சம் தணிந்தது. "இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து நான் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். 'ஆங், ஆங்'னு தலையாட்டிட்டுப் போவாங்க இவங்க ரெண்டு பேரும். என்ன சொன்னேன்னு கேட்டா முழிப்பாங்க. நீ என் மூச்சு வரைக்கும் கேட்டு வச்சிருக்கே. இவ்வளவு உன்னிப்பா கேக்கறது வேலை இல்லேன்னா, வேற எதுடி வேலை?"

மருமகளின் கண்ணில் நீர் நிறைந்தது. அது டப்பிங் இல்லை.

மாமியார் இடுப்பிலிருந்து பின்னறைச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். "மூட்டையெல்லாம் அங்கயே இருக்கட்டும். துணி இருந்தா சத்தம் முழங்காது. அந்தப் பொம்மையும் இருக்கட்டும், உனக்குத் துணைக்கு. நீ பேசறப்ப ஒரு குரல் குடு, மெஷினை நிறுத்தறேன்."

அழைப்பு மணி அடித்தது.

டமாரம் போய்க் கதவைத் திறந்தான். வாசலில் இரண்டு பேர், ஆளுக்கொரு ஆளுயரப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது அவர்களுக்கு.

"கடைலருந்து வர்றோம். பின்னாடி ரூம்ல இறக்கச் சொன்னாங்க. எந்தப் பக்கம்?"

எல்லோரும் டமாரத்தைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க? சத்தியமா நான் இல்ல!" என்று அவன் இரண்டு கையையும் தூக்கினான். சத்தம் போடாமல் சொன்னான். அதனால் அது உண்மை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அடுத்தபடியாக எல்லோரும் சோபாவைப் பார்த்தார்கள். மாமனார் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார். கழுத்து வரை சிவந்திருந்தது. இந்த அமைதியான மனிதருக்குப் பூட்டிய அறைக்குள் அத்தனை பெரிய சத்தம் எதற்கு?

மாமியார் கணவரையே பார்த்தபடி குண்டூசிகளை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று.

"என்னங்க, எங்க இறக்கறது?" என்றார்கள் வாசலில்.

"அங்க ஆள் இருக்கு" என்று ஹாலுக்குள்ளிருந்து கறாராகப் பதில் வந்தது, பல்லிடுக்கில் நசுங்கி, உதடு ஒட்டாமல். "காசு குடுத்தது யாரோ, அவரையே கேளுங்க. ஏங்க, சொல்லுங்க."

மாமனார் பதறி எழுந்து மெஷின் பக்கம் திரும்பினார். "இல்ல, அது வந்து, நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்..."

சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் மனைவியின் வாயில் குண்டூசி ஒன்றுகூட அசையவில்லை. பேசியவள் சமையலறை வாசலில், கையில் சாவியும் வாயில் ஒரு குண்டூசியுமாக நின்றுகொண்டிருந்தாள்.